பாக்கு வைத்துக் கூப்பிட்ட நெருப்பு

எங்கள் பனிக்கல் லைனில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், நடந்த ஒரு கல்யாணத்துக்கு நெருப்பு வந்திருந்தது என்று சொன்னால், கோத்தகிரிச் சந்தையிலாகட்டும், ஊட்டி பஸ்ஸிலாகட்டும், அப்படியா என்று வாயைப் பிளக்கிறவர்கள் யாருமில்லை; எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தப் பக்கத்து உறவு, மாப்பிள்ளை வீடா, பெண் வீடா? பெண் வீடுதான். எங்கள் பக்கம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

பெண்ணைப் பெற்றவர் வைரக்கண்ணு அண்ணன். அவருக்கு அடுத்த வீடு என் வீடு. என் பெயர் பவளக்கொடி; லைனில் எந்த விசேஷமானாலும் சமையல் என் பொறுப்பு, சண்டையும் பெரும்பாலும் என் பொறுப்பு. அண்ணன் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த கூட்டத்தில் தனியாளாக வந்தவர். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டார்கள். வந்திறங்கிய முகாமில் பூங்காவனம் அண்ணியைப் பார்த்து, முகாமிலேயே தாலி கட்டி, அட்சதை போட ஓர் உறவில்லாமல், ரேஷன் வரிசையில் நின்றவர்களிடம் போய் இரண்டு நிமிஷம் வாங்களேன் என்று கெஞ்சியும், வரிசை போய்விடுமே என்று ஒருத்தரும் நகராமல், கடைசியில் ஒரு பானைச் சர்க்கரைப் பொங்கலைப் புருஷனும் பெண்டாட்டியும் மட்டுமே உட்கார்ந்து தின்று தீர்த்தார்களாம். அன்றைக்குப் பிடித்தது அவருக்கு இந்த அழைக்கிற வியாதி. மகள் தர்ஷினிக்குக் காது குத்தியபோது பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் கையிலும் வெற்றிலை பாக்கைத் திணித்துவிட்டு வந்த மனுஷன்.

வெற்றிலையில் பாக்கு வைத்துக் கூப்பிடுவது சொந்தக்காரர்களுக்குச் செய்கிற மரியாதை. அக்கம்பக்கத்துக்கு வாய்வார்த்தை போதும். அண்ணனுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, கண்ணில் பட்டவர்களெல்லாம் சொந்தம்தான். ஆனால் அவரை இத்தனை வருஷத்தில் யாரும் பாக்கு வைத்துக் கூப்பிட்டதில்லை. "அண்ணே, நாளன்னிக்கு நம்ம வீட்டுல விசேஷம், வந்துருங்க" என்று குழாயடியில் சொல்வதோடு சரி. அவரும் கோபித்துக்கொள்ளாமல், துவைத்த வேட்டியோடு முதல் ஆளாக வந்து நிற்பார்.

அவர் வீடு லைனில் கடைசி வீடு. அவருடைய அடுக்களைச் சுவர் முடிகிற இடத்தில் கற்பூர மரக் காடு தொடங்கிவிடும். கீழே சமவெளியில் தைல மரம் என்பார்கள், படித்தவர்கள் யூகலிப்டஸ் என்பார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் அதன் குணம் ஒன்றுதான்: வருஷம் பூராவும் இலையை உதிர்க்கும், பட்டையை நீளநீளமாக உரித்துக் கிழிந்த வேட்டி மாதிரி கிளையில் தொங்கவிடும், மாசி பங்குனி வெயிலில் காற்றே தைலமாக மணக்கும், மூக்கடைப்பு உள்ளவர்களுக்குச் சுகம், மற்றவர்களுக்குத் தூக்கம் போய்விடும். ஒரு பீடித்துண்டு போதும், பொறி பட்டையில் ஏறி, காற்றில் பறந்து, தகரக் கூரை ஓரத்தில் மழைநீர் வடிகிற தண்ணீர்த் தகட்டில் அடைந்து கிடக்கிற சருகில் உட்கார்ந்தால் முடிந்தது கதை. காட்டு வாச்சர் போஜன் வருஷா வருஷம் வந்து, "வூட்டச் சுத்தி முப்பதடிக்குச் சருகே இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று கத்திவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் ஆராயி அக்கா பக்கத்து வீட்டுச் சந்தனம்மாளைப் பார்த்து, "என் வாசல்ல கெடக்கறது உன் பக்கத்து மரத்து எல, நீ அள்ளு" என்பாள். "காத்து என்ன எங்க வீட்டுக் காத்தா?" என்பாள் சந்தனம்மாள். இப்படியே மழை வந்துவிடும், சருகு ஊறிப்போகும், சண்டை அடுத்த வருஷத்துக்கு.

தர்ஷினியைக் கேட்டு வந்தவர்கள் கூடலூர்ப் பக்கத்துக்காரர்கள். பையன் யோகேஸ்வரன் தங்கமான பிள்ளை, அவளைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. அவளும் டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, "சித்தி, சிரிச்சா கன்னத்துல குழி விழுது பாத்தியா" என்று என் கையைக் கிள்ளினாள். ஆனால் அவன் அப்பா மலைக்கொழுந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார், தலைக்கு மேலே பட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. எங்க பக்கத்துல ஒரு லைனே இப்படித்தான் சாம்பலாப் போச்சு, என் தங்கச்சி வீடும் அதுல ஒண்ணு. கல்யாணத்தன்னிக்கு மலையில புகையக் கண்டேன்னா வேனைத் திருப்பிருவேன். அப்புறம் இந்தப் பேச்சே வேணாம்."

"கோத்தகிரியில மண்டபம் எடுத்துருவோம்" என்றாள் பூங்காவனம் அண்ணி. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில்கூட அதே பேச்சு. "நம்ம வாசல்ல பந்தல் போட்டு, செருப்பு குவிஞ்சு கெடக்கணும் பூங்காவனம். எந்தச் செருப்பு யாருதுன்னு தெரியாமத் தேடணும். அதை நான் ஒரு தடவை பாக்கணும்." அண்ணியும் சரி என்றாள், முகாமில் அந்தப் பொங்கலைத் தின்றவள்தானே அவளும்.

மாசியில், கல்யாணத்துக்கு முந்தின வாரம் அண்ணன் பாக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு மலை மேட்டுக்கு ஏறினார். அந்தப் பக்கச் சரிவில் ஒரு புகை தெரிந்தது. தைலம் காய்ச்சுகிற கொட்டகைக்காரர்கள் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். உண்மையில் அவர்கள் தை மாதமே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அது அவருக்குத் தெரியாது. இறங்கிப் போக முட்டி விடவில்லை, கூப்பிடாமல் திரும்பவோ மனசு விடவில்லை. அதனால் ஒரு பாறைமேல் வெற்றிலை பாக்கை வைத்து, பறக்காமல் இருக்க ஒரு வெள்ளைக் கூழாங்கல்லையும் வைத்து, வாயருகே கையைக் குவித்து, "அடுப்பு மூட்டியிருக்கிற பெரியவங்களே! வர்ற வியாழக்கெழம எம் மக கல்யாணம், பனிக்கல் லைன் கடைசி வீடு, ஒருத்தர் விடாமக் குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்!" என்று மலை அதிரக் கத்திவிட்டு வந்தார். வந்து, "அந்தப் பக்கத்தையும் அழைச்சாச்சு" என்று எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை, பந்தல் கட்டியாயிற்று, சாம்பாருக்குத் தாளித்துக் கொட்டியாயிற்று, தர்ஷினிக்கு ஒரு காதில் ஜிமிக்கி போட்டு அடுத்த காதுக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள், அப்போது மேட்டிலிருந்து குருவிகளெல்லாம் கூட்டமாகப் பறந்து வந்தன, பின்னாலேயே படபடவென்று சத்தம், பின்னாலேயே வெளிச்சம். நெருப்பு! என்று யாரோ கத்த, வாளியைத் தூக்கினவர்கள் பாதி, ஆட்டைத் தூக்கினவர்கள் பாதி, நான் சாம்பார் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன், அதை விட்டுவிட்டு எங்கே போவது, நூற்றைம்பது பேர் சாம்பார் அது.

ஆனால் வந்த நெருப்பு காட்டைத் தொடவில்லை. மேட்டிலிருந்து எங்கள் லைனுக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையில், வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக, இரண்டு பக்கமும் தொங்கின பட்டையில் படாமல் ஒதுங்கி ஒதுங்கி, பெரியதுகள் முன்னாலும் சின்னதுகள் நடுவிலும் நடந்து வந்தது, முன்னால் வந்த பெரிய சுடரின் உச்சியில் அந்த வெற்றிலை வாடாமல் பச்சையாக, பாக்கோடு இருந்தது. பந்தலுக்கு எட்டு முழம் தள்ளி, பன்னீர் தெளிக்கிற மேசைக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே வரவில்லை. கூப்பிட்டவர்கள் வாங்க என்று சொல்லாமல் எப்படி உள்ளே வரும்?

பூங்காவனம் அண்ணிதான் முதலில் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாக்கு வச்சுக் கூப்பிட்டீங்களா?"

அண்ணன் வெற்றிலையைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். "கூப்பிட்டேன் போலத்தான் இருக்கு."

"அப்ப வாங்கன்னு சொல்லுங்க. வந்தவங்கள வாசல்ல நிக்க வச்சிட்டு என்ன முழிக்கிறீங்க?"

"வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க" என்றார் அண்ணன், கையைக் கூப்பிக்கொண்டு. முகத்தைப் பார்க்கவேண்டுமே, அப்படி ஒரு மலர்ச்சி. மேசையில் நின்ற பெண் பழக்கத்தில் பன்னீரைத் தெளித்துவிட்டாள், முன்னால் நின்றது சுரீர் என்று ஒரு அடி பின்வாங்கியது. "ஏய், அவங்களுக்குத் தண்ணி ஆகாது, கற்கண்டு மட்டும் குடு!" என்று நான் ஒரு அதட்டுப் போட்டேன். கற்கண்டைக் கொடுத்தாள். மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள்.

எங்கே உட்காரவைப்பது என்று அடுத்த பிரச்சினை. பந்தல் தென்னங்கீற்று, அங்கே ஆகாது. வீட்டுக்குள் ஆகவே ஆகாது. கடைசியில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற சிமெண்டுத் தளம், மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வெறும் வெளியில் இருப்பது, அதைப் பெருக்கிக் கோலம் போட்டு அழைத்துப் போனோம். ஜமுக்காளம் விரிக்கப் போனவளை ஆராயி அக்கா தடுத்தாள். பெரியதுகள் அமைதியாக அமர்ந்தன, சின்னதுகள் தளத்தைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடின. வாச்சர் போஜனும் கல்யாணத்துக்கு வந்திருந்தார், அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான் இதுகளத் தொரத்தித்தான் பாத்திருக்கேன், பக்கத்துல நின்னு பாத்ததில்ல" என்று வியர்வையைத் துடைத்தார்.

இங்கே இப்படி இருக்க, கீழே கடைசி வளைவில் மாப்பிள்ளை வீட்டு வேன் நின்றுவிட்டது. வேன் கண்ணாடி வழியே புகையைக் கண்ட மலைக்கொழுந்து, திருப்புடா வண்டியை என்றாராம். பையன் கதவைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் திருப்ப விடமாட்டேன் என்கிறானாம். ஒரு ஆள் ஓடி வந்து சொன்னான். "பத்தரை முகூர்த்தம். அதுக்குள்ள புகை அடங்கலேன்னா சம்பந்தம் இல்லேன்னு சொல்லச் சொன்னாரு."

தர்ஷினி ஒற்றை ஜிமிக்கியோடு வாசலுக்கு வந்து நின்றாள். அழவில்லை. அப்பாவையே பார்த்தாள். நான் அண்ணன் பக்கத்தில் போய், "அண்ணே, பக்குவமாச் சொல்லி அனுப்பிருவோமே" என்றேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"எனக்கு அந்த வாய் இல்ல பவளம். என் கல்யாணத்துக்கு ஒரு மனுஷன் வரல. நான் கூப்பிட்டேன்னு மலை தாண்டி வந்திருக்காங்க. அவங்களப் போங்கன்னு எப்படிச் சொல்வேன்? ஆனா எம் புள்ள..." தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் தளத்தில் சலசலப்பு. ஒரு சின்னச் சுடர் தளத்தை விட்டு ஓடி, காட்டோரத்தில் தொங்கின ஒரு பட்டையை நக்கிப் பார்த்தது. இன்னொன்று ஆராயி அக்கா வீட்டுத் தண்ணீர்த் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. பெரியது ஒன்று அதை இழுத்து உட்காரவைத்தது, ஆனால் அதுவே ஒரு கண்ணைச் சருகுக் குவியலில்தான் வைத்திருந்தது. கல்யாண வீட்டில் எத்தனை முகம் பார்த்திருக்கிறேன், எனக்கா தெரியாது?

"அட பாவிகளா, அவங்களுக்குப் பசிக்குது! எல போடுங்க!"

உடனே ஒரு பஞ்சாயத்து. முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு அல்லவா, பெண் வீட்டு உறவை எப்படி முதலில் உட்காரவைப்பது என்று சந்தனம்மாள் இழுத்தாள். பூங்காவனம் அண்ணி முந்தானையை இடுப்பில் சொருகினாள். "அவங்க பசி பொறுப்பாங்க. இவங்க பொறுக்கமாட்டாங்க. போடு."

சோறு வைத்தோம், கருகிப்போயிற்று. சாம்பாரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு ஒரு கூடைச் சருகைக் கொண்டுவந்து கொட்டியதும் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அப்பளம் நொறுங்குகிற மாதிரி, அத்தனை ருசியாக. அவ்வளவுதான், லைனே கிளம்பிவிட்டது. ஆண்கள் தகரத்தில் ஏறித் தகட்டிலிருந்த சருகை வாரிக் கொட்டினார்கள். பெண்கள் விளக்குமாறும் கொழுந்துக் கூடையுமாக வாசல், கொல்லை, சந்து, கோழிக்கூட்டடி எல்லாம் பெருக்கி அள்ளினார்கள். துரட்டிக்கோலால் தொங்கின பட்டையை இழுத்து, கட்டுக்கட்டாகக் கட்டி, உண்ணிச்செடி காய்ந்ததையெல்லாம் வெட்டி, வரிசையாகப் பரிமாறினோம், பட்டை முதலில், சருகு இரண்டாவது, மொறுமொறுப்புக்கு நடுநடுவே காய்ந்த கற்பூர மரக் கொட்டை. "இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்க", "கூச்சப்படாமச் சாப்பிடுங்க", "சின்னவங்களுக்குப் பட்டையை நொறுக்கிப் போடுங்கடி". வருஷக்கணக்காக உன் இலை என் இலை என்று அடித்துக்கொண்ட ஆராயி அக்காவும் சந்தனம்மாளும் இப்போது வேறு சண்டை போட்டார்கள்.

"எங்க வீட்டு எலைய அந்தப் பெரியவருக்கு வைக்கவே இல்ல!"

"என் கூடைதான் முன்னால வந்துச்சு, நீ பின்னால நில்லு!"

கடைசி வீட்டிலிருந்து முதல் வீடு வரைக்கும், முன்னும் பின்னும், சுரண்டிச் சுரண்டிப் போட்டோம். போட ஒன்றுமில்லாமல் கை நின்றபோது நிமிர்ந்து பார்த்தால், எங்கள் லைனைச் சுற்றிலும் சிவப்பு மண் தெரிகிறது, சாணி தெளிக்காத குறை, அப்படி ஒரு சுத்தம். போஜன் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு இரண்டாவது டீ கேட்டார்.

வந்தவர்களுக்கு மூக்குப் பிடிக்கச் சாப்பாடு. பெரியதுகள் உட்கார்ந்தபடியே தணிந்து, சிவந்து, கண் சொருகின. புகை சுத்தமாக அடங்கிவிட்டது. பத்தே காலுக்கு யோகேஸ்வரன் வளைவிலிருந்து ஓட்டமும் நடையுமாக முதலில் வந்தான், அவன் பின்னாலேயே பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க மலைக்கொழுந்து. அவர் கூரையைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் விரிந்து கிடந்த மண்ணைப் பார்த்தார். அப்புறம் தளத்தில் சாய்ந்திருந்தவர்களைப் பார்த்தார். தங்கச்சி வீட்டை எரித்தது இதே கூட்டம்தானா என்று யோசித்திருப்பார், யாருக்குத் தெரியும்.

"இவங்க?" என்றார்.

"எங்க பக்கத்துச் சொந்தம்" என்றார் வைரக்கண்ணு அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுங்க."

"என்ன சம்பந்தி இது! நாங்க வர்றதுக்கு முன்னாடியே பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு மொதப் பந்தியா?" என்று அவர் கத்தினார் பாருங்கள், எங்களுக்கு உயிரே வந்தது. புகைக்குப் பயந்தவர் பந்திக்குக் கோபித்துக்கொள்கிறார் என்றால் கல்யாணம் நடக்கும் என்று அர்த்தம். அண்ணி அவர் கையில் ஒரு டம்ளர் பாயசத்தைத் திணித்தாள், அவரும் முறைத்துக்கொண்டே குடித்தார்.

குத்துவிளக்கு ஏற்றத் தீப்பெட்டியைத் தேடினோம், அந்தக் கலவரத்தில் எங்கே போயிற்றோ. தளத்திலிருந்து அந்தக் குட்டிச் சுடர், பட்டையை நக்கியதே, அதுதான், தத்தித் தத்தி வந்து திரியில் ஏறி உட்கார்ந்தது. தாலி கட்டி, மாலை மாற்றி, மூன்று சுற்று சுற்றி முடிகிறவரைக்கும் அது ஆடவில்லை, அசையவில்லை, தர்ஷினியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆராயி அக்கா மூக்கைச் சிந்தினாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

சாயங்காலம் விருந்தாளிகள் கிளம்பினார்கள். வாசலில் அத்தனை செருப்பு, மாறிப்போனது, காணாமல்போனது என்று ஒரே கூச்சல், அண்ணன் அந்தக் கூச்சலுக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியாக நெருப்பு எழுந்து பாதையில் வரிசை கட்டியது. எங்கள் வழக்கத்தில் போகிறவர்களைப் போயிட்டு வாங்க என்று சொல்லித்தான் அனுப்புவோம். நெருப்பை எப்படித் திரும்பி வாங்க என்பது? லைனே அண்ணன் முகத்தைப் பார்த்தது, அண்ணி அவர் இடுப்பைக் கிள்ளினாள்.

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். பிறகு கையைக் கூப்பினார். "நீங்களாச் சிரமப்பட்டு வர வேணாம். ஒவ்வொரு மாசியிலயும் நானே மேட்டுக்கு வந்து பாக்கு வச்சுக் கூப்பிடறேன். எலையெல்லாம் கூட்டிச் சேத்து வைக்கிறேன். அந்தத் தளத்துல வந்து உக்காந்து சாப்பிட்டுப் போங்க. கூப்பிடாம மட்டும் வராதீங்க, வீட்டுல எதுவும் தயாரா இருக்காது."

முன்னால் நின்றது தலையைத் தாழ்த்தியது. வந்த மாதிரியே, பட்டையில் படாமல், ஒருவர் பின் ஒருவராக மேட்டேறிப் போனார்கள். குட்டிதான் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

அடுத்த மாசியில், அண்ணன் பாக்குத் தட்டோடு கிளம்பவேண்டிய காலையில், பூங்காவனம் அண்ணி என்னைக் கத்திக் கூப்பிட்டாள். ஓடிப் போனேன். அண்ணன் நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ஒரு வெற்றிலை, ஓரம் மட்டும் லேசாக வாடி, அதன்மேல் ஒரு கொட்டைப்பாக்கு, தொட்டால் சூடு, பறக்காமல் இருக்க மேலே அந்த வெள்ளைக் கூழாங்கல். வாசற்படியில் ஒரு கரி கூட இல்லை.

"பவளம், பாத்தியா" என்றார். கையில் எடுக்கவே பயந்தவர் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்கு வச்சிருக்காங்க. எனக்கு."

கண்ணீர் அது பாட்டுக்கு வழிகிறது, துடைக்கவும் தோன்றவில்லை. லைன் முழுக்க வாசலில் கூடிவிட்டது. என்ன விசேஷமாக இருக்கும் என்று ஆராயி அக்கா கேட்க, அந்தக் குட்டிக்குக் காதுகுத்தாக இருக்கும் என்றாள் சந்தனம்மாள், வேறென்ன இருக்கும் என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம். வெறுங்கையோடு போக முடியுமா, சீர் கொண்டுபோக வேண்டாமா? பேசிக்கொண்டிருக்கும்போதே ஆளுக்கொரு கூடையை எடுத்துக்கொண்டு அவரவர் கூரையில் ஏறிவிட்டார்கள், கூடை நிறையச் சருகு, கட்டுக்கட்டாகப் பட்டை, போட்டி போட்டுக்கொண்டு. மாசி விருந்துக்கென்று மாப்பிள்ளையும் மகளும் மலைக்கொழுந்தும் கூடலூரிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள்.

அண்ணன் மட்டும் இன்னும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணி துவைத்த வேட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"எந்திரிங்க. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குக் கடைசி ஆளாவா போய் நிப்பீங்க?"

அண்ணன் எழுந்து முகம் கழுவப் போனார்.